வெங்கடசாமி மகள் கேட்ட கேள்வி

ஓசூர் கல்யாண மண்டபத்தில் புதன்கிழமை படம் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் வருமாம். தேர்தலில் நிற்பவர்களை மேடையில் உட்காரவைத்து, கூட்டத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லும் நிகழ்ச்சி. கேட்பவர் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும். என் மகள் முனிலட்சுமி அதைச் சொல்லிவிட்டுத்தான் ஒரு வேட்பாளரைக் கேட்டிருக்கிறாள்.

"எங்க ஏரியில கம்பெனிக் கழிவைக் கொட்டுற லாரி உங்க மச்சானுதுதானே? பதினோரு மாடு செத்துப்போச்சு. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

எங்கள் வீட்டுப் பெண் யாரும் அதுவரை மைக் பிடித்ததில்லை. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. அந்த வேட்பாளரின் ஆள் சென்னப்பன் இறங்கினான். உள்ளே இருந்த இருவர் இறங்கவில்லை.

"டிவிக்காரங்களுக்கு ஒரு லெட்டருங்க பெரியவரே. பொண்ணுக்குப் புத்தி சரியில்ல, அது கேட்டதப் போடாதீங்கன்னு. தகப்பன் கையெழுத்து இருந்தா வெட்டிடுவாங்க."

"கையெழுத்துப் போடலைன்னா?"

"பாப்பா ரெண்டாம் ஷிப்ட்டு பஸ்ஸுக்கு ஏரிக்கரை மேலதான் நடந்து போவுது. வழி அவ்ளோ நல்லால்ல பாருங்க." சிரித்தான்.

உட்கார்ந்தால் பயந்தது தெரிந்துவிடும் என்று நின்றுகொண்டே இருந்தேன். கையெழுத்திட்டால் என் மகள் பைத்தியம் என்று நானே ஊருக்கு எழுதிக் கொடுத்ததாகும். இடாவிட்டால் அந்த ஏரிக்கரை.

பேனாவை வாங்கினேன். கடிதத்தின் அடியில் எழுதினேன்: 'மேலே உள்ளது பொய். என் மகள் நல்ல புத்தியோடு இருக்கிறாள். அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தவன் நான்.' அதன் கீழே கையெழுத்திட்டேன்.

சென்னப்பன் அதை வாய்விட்டு இரண்டு முறை படித்தான்.

"சாவுற வயசுல உனக்கு எதுக்குய்யா இந்த வீம்பு?"

பெரியவரே என்பது போய்விட்டது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஜீப் ஏரிப் பக்கம் போனது.

கதவருகே முனிலட்சுமி நின்றிருந்தாள். "நீ எங்க நைனா எழுதிக் குடுத்த? எதுக்குப் பொய்?"

"கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாவுது. கெளம்பு."

"நீ எங்க வர்ற?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

கரை மேல் ஜீப் நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். அந்தக் கையை விலக்கிவிட்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.