கேக் தட்டில் பூட்டிய அம்பிளிபயர்

புளியந்தீவில் பேர்டி என்பவர் தன் கிற்றாருக்காகச் செய்த வால்வு அம்பிளிபயரைப் போட்டால், சத்தம் கேட்கிற தூரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் எழும்புவார்கள். ஒரு சாண்தான்; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாசிப்பு நின்றதும் மெதுவாக இறங்கிவிடுவார்கள். இதுவரை ஒருவருக்கும் கால் சுளுக்கவில்லை. ஓட்டோக்கார நல்லரத்தினத்தின் ஒற்றைச் செருப்பு மட்டும் வாவிக்குள் விழுந்தது.

பேர்டி கடைசல் பட்டறை வைத்திருக்கும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். மகள் ஜிலியனுக்குக் கலியாணம் நிச்சயமானபோது, மண்டபத்தில் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்குத் தானே வாசிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆனால் இருநூறு பறங்கியர் ஓரிடத்தில் கூடிக் கதைக்கத் தொடங்கினால் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே அம்பிளிபயர் வேண்டும். கடையில் விற்பவை தகரம் தட்டுகிற மாதிரிப் பாடுகின்றன, வால்வு பூட்டியதுதான் வேண்டும் என்றார். காத்தான்குடியில் றேடியோ திருத்தும் நௌஷாட் பழைய றேடியோக்களின் வயிற்றிலிருந்து மூன்று வால்வுகளையும் ஒரு ட்ரான்ஸ்போமரையும் கழற்றிக் கொடுத்தார். இவற்றை ஏற்றிவைக்க ஒரு சேசி தேவைப்பட்டது. பிஸ்கட் தகரம் ட்ரான்ஸ்போமரின் பாரத்தில் குழிந்துபோனது. அப்போதுதான் அடுப்படி இறாக்கையில் இரண்டங்குல ஆழமுள்ள, நல்ல தடிப்பான அலுமினியத் தட்டொன்று பேர்டியின் கண்ணில் பட்டது. மனைவி ஓட்றி சந்தைக்குப் போயிருந்தார். தட்டைக் கவிழ்த்துவைத்து, வால்வுக்கு மூன்று பெரிய துளை, ட்ரான்ஸ்போமருக்கு நான்கு சின்னத் துளை என்று அளவெடுத்து அழகாகப் போட்டார். கைவேலையில் அவரைக் குறைசொல்ல முடியாது, மூளையைத்தான் சொல்லவேண்டும்.

அது ஓட்றியின் கேக் தட்டு. பெண்ணைப் பெற்றவள் தன் கையால் கலியாணக் கேக் சுட்டு, துண்டு துண்டாக வெட்டிக் கடதாசியில் சுற்றி வந்தவர்களுக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். முப்பத்திரண்டு வருடமாக அந்தத் தட்டில் ஊற்றிய எந்த மாவும் பொங்காமல் விட்டதில்லை. துளை போட்டதற்காகத் தட்டு தன் பழக்கத்தை விட்டுவிடுமா? மாவு கிடைக்காததால் ஆட்களை எழுப்பியது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று ஊர் ஒத்துக்கொண்டது. நௌஷாட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“எர்த் சரியில்ல அங்கிள். அதுதான் ஆக்கள் மேல போறாங்க” என்று, ஒரு செப்புக் கம்பியை மூன்றடி ஆழம் மண்ணில் இறக்கிக் கட்டினார். வாசித்துப் பார்த்தபோது கம்பியைப் பிடித்தபடியே அவரும் எழும்பினார்.

ஓட்றிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. “கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமதான் கிடக்கு. என்ட தட்டுல ஓட்ட போட்டு வெச்சிரிக்கிங்க. நான் சுட்ட கேக் இல்லாத கலியாணத்துக்கு நான் வரமாட்டன் பேர்டி. சொல்லிட்டன்” என்றார்.

இருபது வருடத்துக்கு முன்பு கல்குடாவில் நண்டு கடித்ததற்காக இனிக் கடலில் இறங்கமாட்டேன் என்றவர் ஓட்றி. இன்றுவரை கணுக்கால்கூட நனையவில்லை. பேர்டி மூன்று புதுத்தட்டு வாங்கிவந்தார். அவற்றில் சுட்டது ரொட்டி மாதிரித் தட்டையாகவே வந்தது. “எல்லாத்தையும் கழட்டி, ஓட்டைய ஈயத்தால அடைச்சுத் தாறன்” என்று கெஞ்சினார்.

“ஈயத்துல சுட்ட கேக்க ஆக்கள் தின்னுறதா?”

ஜிலியன் அழுதாள். அதற்கும் ஓட்றி அசையவில்லை. கடைசியில் ஏறாவூர் நளீரின் பேக்கரியில் கேக்குக்குச் சொல்லிவிட்டார்கள்.

கலியாணம் ஆடி மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம். கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பேர்டி வாசிக்கத் தொடங்கியதும் இருநூறு பேரும் எழும்பினார்கள். முழங்கால் வருத்தக்காரர்கள்தான் அதிகம் ஆடினார்கள். பேர்டியின் கை வாசித்தது, கண் வாசலிலேயே நின்றது. மகளின் கலியாணத்தில் அவ்வளவு பேருக்கு நடுவில் அவர் தனித்துப்போயிருந்தார்.

அந்த நேரம் ஓட்றி, இரண்டு தெரு தள்ளி, வீட்டு முற்றத்தில் கலியாணத்துக்குத் தைத்த நீலச் சட்டையோடு நின்றார். போவதற்காக அல்ல, அளவு சரியா என்று பார்ப்பதற்காக. சத்தம் கேட்டது; ஒரு சாண் எழும்பினார். கச்சான் அவரை முதுகில் பிடித்துத் தள்ளியது. உடுப்புக் கொடியைப் பிடித்தார், கொடி அறுந்து கையோடு வந்தது. படலையைத் தாண்டி, நல்லரத்தினத்தின் ஓட்டோவை முந்தி, பேர்டியின் இரண்டு களிசான்கள் கொடியில் பின்தொடர, நேரே மண்டப வாசலுக்குள் வந்து சேர்ந்தார்.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஓட்றி கைகளைக் கட்டிக்கொண்டார்.

“நான் வரல்ல” என்றார். “காத்துதான் கொண்டுவந்தது.”

பேர்டியின் கை நின்றுவிட்டது. இருநூறு பேரும் ஓட்றியும் இறங்கத் தொடங்கினார்கள்.

“ஏன் நிப்பாட்டினிங்க? வாசிங்க! என்ட கால் நிலத்துல பட்டா நான் வீட்ட போயிருவன்.”

பேர்டி வாசித்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் நான்கு மணிநேரம் வாசித்தார். விரல்களில் தோல் உரிந்தது. காற்று அம்மாவை மற்ற வாசலால் கொண்டுபோய்விடாமல் ஜிலியன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்றி மருமகனோடு ஒரு சுற்று ஆடினார், நளீரின் கேக்கைத் தின்றுவிட்டு முட்டை காணாது என்றார், பேர்டியின் நெற்றி வியர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

அந்தக் கலியாணத்துக்குத் தான் போகவில்லை என்றுதான் ஓட்றி இன்றைக்கும் சொல்கிறார். அல்பத்தில் முப்பத்தேழு படங்களில் நிற்கிறாரே என்று யாரும் கேட்பதில்லை.