ஸ்வீட்டியின் தூக்கம்

லோயிஸ் வந்த கோபத்தில் கையிலிருந்த பாட்டுப்புத்தகத்தைப் படாரென்று மூடினாள். சித்தூர் சபையில் அத்தனை பேர் முன்னிலையில் போதகர், "ஸ்வீட்டியைப் பிடித்திருக்கிற சோம்பல் ஆவி விலகும்படி" என்று ஜெபக்குறிப்பை வாசித்துவிட்டார். எழுதிக் கொடுத்தது வேறு யார்? ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமனார் இயேசுதாசன்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியதிலிருந்து வீட்டில் இந்தக் கூத்துதான். விடியற்காலை நாலரைக்குக் குடும்ப ஜெபம். எட்டு மணிக்கே படுத்துக் குறட்டை விடுகிற மனிதர், நாலு மணிக்குத் துள்ளி எழுவார். பேத்தி ஸ்வீட்டிக்குப் பதினாறு வயது. ராத்திரி பன்னிரண்டுக்கு முன் தூக்கம் வராது. ஜெபத்தில் முழங்காலில் நின்றபடியே தூங்கி விழுவாள்.

"ஸ்வீட்டி, முன்னால வாம்மா. தலையில கை வெச்சு ஜெபிக்கலாம்" என்றார் போதகர்.

லோயிஸ் எழுந்துவிட்டாள். ஜூனியர் காலேஜில் விலங்கியல் நடத்துகிறவள், வாய் சும்மா இருக்குமா?

"ஐயா, ஆவியும் இல்ல கீவியும் இல்ல! உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் கீது. ஆளுக்கு ஆள் அது வேற. இந்த வயசுல நெறைய புள்ளைங்களுக்குத் தூக்கம் வரவைக்கிற சுரப்பே லேட்டாத்தான் ஊறும். வயசானா சீக்கிரம் முழிப்பு வந்துடும். மாமாவுக்கு வர்றது பக்தின்னா, எம்பொண்ணுக்கு வராதது பிசாசா?"

"சபையில வந்து பாடம் நடத்தாதம்மா!" என்று சீறினார் இயேசுதாசன்.

"நீங்க எம்பொண்ணு மானத்த வாங்கலாம், நான் வாயத் தொறக்கக் கூடாதா?"

கணவன் இஸ்ரேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அங்கேயே ரெண்டு அறை விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

அதற்குள் ஸ்வீட்டி முன்னால் போய் முழங்காலிட்டிருந்தாள். லோயிஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருடி! உனக்கு ஒண்ணுமில்ல. வா, வூட்டுக்குப் போலாம்."

பெண் அசையவில்லை. முகமெல்லாம் கண்ணீர். "வுடும்மா. ஜெபம் பண்ணட்டும். அது போயிட்டா நல்லாருக்கும்."

"தாத்தா சொன்னா நம்பிடுவியா?"

"தாத்தாவ யாரு நம்பினா? நீதான் தெனமும் எம்மூஞ்சில தண்ணிய ஊத்திக்கினு, 'பேய் புடிச்சவளே, எழுந்திரு'ன்னு கத்தற. நீ டீச்சராச்சே. உனக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

லோயிஸ் மகளுக்கு எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அது பொய்டி. சத்தியமா பொய். எனக்குத் தெரியும்."

ஸ்வீட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் ஏம்மா சொன்ன?"