முன்வரிசை நாற்காலிகள்

1978ஆம் ஆண்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கோயில் தலைவர் சதாசிவம், இறந்துபோன பால்மரத் தொழிலாளி பிச்சைமுத்துவின் மடியில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் கழுத்தில் அப்போதுதான் போட்ட மாலை. “தலைவரே, கனமாத்தான் இருக்கீங்க,” என்றார் பிச்சைமுத்து. அது ஒலிபெருக்கியிலும் கேட்டது.

காரணம் சன்னாசி. மலேசியாவில் பீடோர் பக்கத்து அந்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, சனங்கள் ஈப்போவுக்குப் போய்த் திருவிழாவுக்கு மட்டும் வரத் தொடங்கிய பிறகும், தொழிலாளர் லயத்தில் தனி ஆளாக இருந்து அம்மனுக்கு விளக்கேற்றி வந்தவர். மனைவி ராக்காயி இறந்ததிலிருந்து அவர் மனம்விட்டுப் பேசுவது அம்மனிடம் மட்டும்தான். அம்மன் பதில் சொல்லும் ரகமில்லை. முந்திய ஆண்டு பீடோரில், சீனர்களின் பேய்மாதக் கூத்தில் முன்வரிசை முழுக்கக் காலியாக இருக்கவே, யாருக்கு என்று மளிகைக்கடை முதலாளி ஆ செங்கிடம் கேட்டார். “செத்தவங்களுக்குலா,” என்ற ஆ செங், கையில் ஊதுபத்தியையும் நீட்டினார். “கும்பிட எனக்கு ஆத்தா இருக்கா, தவ்கே. நாற்காலியை மட்டும் எடுத்துக்கிறேன்,” என்றார் சன்னாசி.

அப்படித்தான் அந்தத் திருவிழாவில், பிரமுகர்களின் முன்வரிசை நாற்காலிகளில், தோட்டத்தில் மாண்டவர்களுக்காக வேப்பிலை கட்டினார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கனத்து மண்ணில் இறங்கின. ராக்காயியுடையது மட்டும் இறங்கவில்லை. பிந்தி வந்த சதாசிவம் நடு நாற்காலியின் வேப்பிலையைப் பிய்த்தெறிந்துவிட்டு அமர்ந்தார்.

ஈப்போவில் கூடிய நிர்வாகக் குழு, சன்னாசி சீனச் சாமிக்கு மாறிவிட்டார் என்று விசாரித்தது. “நம்ம சமயத்துல ஏதுய்யா காலி நாற்காலி?” என்று அதட்டினார் சதாசிவம்.

“காலியா இருந்திருந்தா நீங்க ஏன் எந்திரிச்சீங்க, அண்ணே?”

விசாரணை அதோடு முடிந்தது.

அதன் பிறகு வருடந்தோறும் முன்வரிசை நிரம்பியது. பிரமுகர்கள் ஓரமாக நின்றார்கள். கால் கடுத்ததால் உரைகள் சுருங்கின. ராக்காயியின் நாற்காலி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. திருவிழா முடிந்ததும் சன்னாசி அதைத்தான் கடைசியாக மடக்குவார். மடக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார்.

1984இல்தான் அவருக்கு உறைத்தது. ராக்காயி தன் ஆயுளில் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. திருவிழா என்றால் பொங்கல் அடுப்போரம், பாயில், கால் நீட்டித்தான். நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு, வீட்டிலிருந்த பழைய பாயை அடுப்போரம் விரித்து, அதில் வேப்பிலையை வைத்தார். தீபாராதனை பார்த்துத் திரும்பியபோது பாயின் பாதி அமுங்கியிருந்தது.

“இத்தனை வருசமா எங்க புள்ள இருந்தே?”

“பின்னாலதான் நின்னேன். பாய் போடுவீங்கன்னு பாத்தேன்.”

சன்னாசி மறுபாதியில் உட்கார்ந்தார்.