கொதிக்காத தண்ணீர்

அமைச்சர் வந்து நாடாவை வெட்டிவிட்டுப் போன மறுநாள் காலையில், கனடாவின் பூர்வகுடிகளான எங்களுக்கு ஒதுக்கிய நாரைத்துறை ரிசர்வில் எல்லா வீட்டு அடுப்பிலும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. புதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்த தண்ணீர்தான். குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம், கொதிக்க வைக்க வேண்டியதில்லை என்று நர்ஸ் ஊர் வானொலியில் இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டார். ஜனங்கள் அதைக் கேட்டுக்கொண்டே அடுப்பைப் போட்டார்கள்.

அம்புரோஸ் கீசிக்கும் போட்டார். கேவலம் அதில்தான் இருந்தது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்ததே அவர்தான் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்ச் சபையில் தண்ணீருக்குப் பொறுப்பான உறுப்பினர். எங்கள் பழைய குழாயில் வந்த பழுப்புத் தண்ணீர் நிரப்பிய ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு தலைநகர் ஒட்டாவாவுக்கு நடையாய் நடந்தவர். எந்த மைக் கிடைத்தாலும் ஜாடியை உயர்த்திப் பிடித்து, இதை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். போகப்போக ஜாடி கையில் இல்லாவிட்டால் அவருக்கு வாயே திறக்காது என்றாகிவிட்டது. ஒருதடவை விமான நிலையத்தில் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைய கூட்டத்தில் ஹோட்டல் காப்பியைத் தண்ணீரில் கலந்து சமாளித்தார். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

திறப்பு விழாவில் இதைவிட மோசமாக ஒன்று நடந்தது. அமைச்சரும் அம்புரோஸும் கேமராக்கள் முன்னால் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் புதுத் தண்ணீரைக் குடிப்பதாக ஏற்பாடு. நல்லிணக்கத்தின் அடையாளம் என்று அமைச்சரின் ஆள் சொன்னான். அம்புரோஸ் முந்தின நிமிடம் மேசைக்குப் பின்னால் குனிந்து, தன் டம்ளரில் இருந்ததைக் கொட்டிவிட்டுக் கடைப் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். அதை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். கைத்தட்டல். அமைச்சரோ டம்ளரை உதட்டில் வைத்து எடுத்ததோடு சரி, தண்ணீரின் மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

இரண்டையும் பார்த்துவிட்டான் அம்புரோஸின் மைத்துனன் பர்னி. விருந்தில் மூஸ் மான் இறைச்சித் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், இத்தன வருஷத்துல அரசாங்கமும் நம்மளும் ஒரே விஷயத்துல ஒத்துப்போனது இன்னிக்குத்தான். ரெண்டு பேருமே அந்தத் தண்ணிய நம்பல."

அம்புரோஸ் சிரித்து மழுப்பினார்.

எங்களை எல்லாம் குறை சொல்லிப் பயனில்லை. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்ன பழைய அரசாங்க அறிவிப்புக்கும் அம்புரோஸின் மகள் நடீனுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அறிவிப்பு தற்காலிகம்தான் என்றார்கள், பிள்ளையைவிட அதுதான் நன்றாக வளர்ந்தது என்பான் பர்னி. ஒரு தலைமுறையே பாட்டில் தண்ணீரில் பல் தேய்த்து வளர்ந்தது. குழாயில் வாய் வைத்தால் அம்மாவிடம் அடி விழும். அந்த அடி உடம்பிலேயே தங்கிவிட்டது. அமைச்சர் நாடாவை வெட்டினால் அது போய்விடுமா என்ன?

நடீன் தண்டர் பே நகரத்தில் இருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு படிக்கப் போனவள், ஹேசலைப் பெற்ற பிறகும் திரும்பவில்லை. தண்ணீர் சரியானால் வருகிறேன் என்றாள். முன்பு ஒருமுறை குழந்தையோடு வந்திருந்தபோது, இங்கே குளிப்பாட்டிய இரண்டே நாளில் ஹேசலின் முழங்கை மடிப்பெல்லாம் சிவந்து தடித்துப் போனது. இரவெல்லாம் அழுத குழந்தையை அம்புரோஸ்தான் தோளில் போட்டு நடந்தார். அன்றிலிருந்து அவர் ஜாடியைத் தூக்கியது பேத்திக்காகத்தான். ஒட்டாவாவில் அதைச் சொன்னதில்லை. அங்கே 'எங்கள் மக்கள்' என்று சொல்ல வேண்டும், 'எங்கள் ஹேசல்' என்றால் எடுபடாது.

விழா முடிந்த வாரம் நடீன் போன் செய்தாள். நகரத்தில் நல்ல வீடு ஒன்று கிடைத்திருக்கிறது, கையெழுத்துப் போடவா, ஊருக்கே வந்துவிடவா என்று தெரியவில்லை என்றாள். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அப்பா, நீ குடிச்சியா?"

"குடிச்சேன். டிவில பாக்கலையா?"

"டிவில பாத்தேன். வீட்ல குடிச்சியான்னு கேக்கறேன்."

"தினம் குடிக்கறேன்மா. ஜில்லுன்னு இருக்கு."

அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவர் மனைவி டொரீன் கத்தியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அம்புரோஸ் எந்த மந்திரியின் கேள்வியையும்விட அதிகம் பயப்படுவார்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் நடீன் வருவதாக முடிவானது. அதற்குள் பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று அம்புரோஸ் நினைத்தார். ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதானே. குழாய்முன் நின்றார். டம்ளரை நிரப்பினார், தூக்கினார். கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணீர். உதடு வரைக்கும் போனது, தொண்டை இறுக மூடிக்கொண்டது. இன்னொரு தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு முயன்றார். குமட்டியதுதான் மிச்சம். சுத்தமாக இருக்கிறது என்று மூளை சொன்னது, நீ சொல்கிறாய், உன் பேச்சை யார் நம்புவது என்று வயிறு சொன்னது. அவர் தன் வயிற்றின் பக்கமே சேர்ந்துகொண்டார்.

இதற்கிடையில் பாட்டில் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று மேலிடத்தில் எழுதிவிட்டார்கள், பிறகு எதற்குச் சாலையில்லாத ஊருக்கு விமானத்தில் பாட்டில்? கடையில் மிச்சமிருந்த பெட்டிகளுக்கு அடிதடி. தண்ணீர்ப் பொறுப்பாளர் என்ற முறையில் அம்புரோஸ் கூட்டத்தை விலக்கி, எல்லோரும் புதுத் தண்ணீரை நம்ப வேண்டும் என்று ஒரு சிறு உரை ஆற்றினார். அப்படியே பின்பக்க வழியாகப் போய் நான்கைந்து பெட்டிகளை எடுத்துவந்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

நடீன் வந்தாள். ஹேசல் தவழ ஆரம்பித்திருந்தாள். பேத்தியைப் பார்த்தவுடன் அம்புரோஸுக்கு மனசு நிறைந்துவிட்டது, தரையில் மண்டியிட்டு யானை, குதிரை எல்லாம் ஆனார். சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல் பானக் என்னும் எங்கள் தடி ரொட்டியும் பொரித்த மீனும் தேநீரும். தேநீர் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொதிக்க வைத்ததை நியாயப்படுத்தத் தேநீரைப் போல் உலகில் வேறொன்று கிடையாது.

பேத்தியைக் குளிப்பாட்டத் தண்ணீர் தானே எடுத்து வைப்பதாக அம்புரோஸ் சொன்னார். பெரிய சட்டியில் கொதிக்க வைத்து, பின்கட்டில் ஆற்றி, ஓசைப்படாமல் தொட்டிக்குத் தூக்கிப் போனார். முதல் நாள் தப்பித்தார். மறுநாள் சாயங்காலம் அவர் கொதித்த சட்டியை ஆற வைக்க எடுத்துப் போகும்போது, ஹேசல் கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய், ஒரு தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அதை எடுத்த நடீன் குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஆவி பறக்கும் சட்டியைப் பார்த்தாள்.

"தினம் குடிக்கறேன்னு சொன்னியேப்பா."

அம்புரோஸ் சட்டியைப் பிடித்தபடியே நின்றார். கை சுட்டது. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"ஊர் பொய் சொல்லும், கவர்மெண்டு பொய் சொல்லும், அது தெரிஞ்ச கதை. ஹேசல் விஷயத்துல நீ சொல்லுவேன்னு நான் நெனைக்கல. திங்கக்கிழம ஃப்ளைட்ல போறேன்."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அம்புரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது, வேறு பெயர் சொல்ல ஒன்றுமில்லை. பெண்டாட்டி ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். டொரீன் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"விழாவுக்கு யாரையெல்லாம் கூப்பிட்டீங்க?"

அமைச்சர், எம்.பி., என்ஜினீயர்கள், குழாய்க் கம்பெனிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார்.

"எங்கள?"

"நீங்கல்லாம்தான் இருந்தீங்களே."

"இருந்தோம். மீன் பொரிச்சிட்டு இருந்தோம்."

அம்புரோஸுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்த வேகத்தில் காது சூடானது. தண்ணீர் எங்களில் பெண்களின் பொறுப்பு. தண்ணீரிடம் பேசுவது, அதற்காகப் பாடுவது, அதை முதலில் கையில் வாங்குவது எல்லாம் அவர்கள்தான். இது எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வழக்கங்களை மதிக்க வேண்டும் என்று ஒட்டாவாவில் மேசையைத் தட்டிய அம்புரோஸ், தண்ணீர் வந்த நாளில் பெண்களை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, கோட்டுப் போட்ட ஆம்பிளை ஒருவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்திருக்கிறார். சபையில் அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மைக் சரியாக வேலை செய்கிறதா என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

"கடையா தெறந்தீங்க, ரிப்பன் வெட்ட?" என்றாள் டொரீன். "அந்தத் தண்ணி யாருன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க யாருன்னு அதுக்கும் தெரியாது. முன்ன பின்ன தெரியாதவங்க குடுத்தா வாங்கிக் குடிச்சிடுவோமா? உங்கள பேசறதுக்குத்தான அனுப்பினோம். நீங்க பாட்டுக்குப் பேசிட்டே போயிட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்கள் நீளப் பாவாடை கட்டிக்கொண்டு சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கத்தில், ஏரிக்கரையில் கூடினார்கள். டொரீன் செப்புப் பாத்திரம் கொண்டுவந்தாள். அமைச்சர் இல்லை, கேமரா இல்லை. ஆண்கள் பின்னால் நிற்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்புரோஸுக்கு ஹேசலை வைத்துக்கொள்ளும் வேலையும், வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலையும் கொடுக்கப்பட்டன. முதலாவது சுலபமாக இருந்தது. தண்ணீர் விஷயத்தில் அவர் பேசாமல் நின்ற முதல் நிகழ்ச்சி இதுதான் என்று பர்னி காதில் ஓதினான்.

புதுக் குழாயிலிருந்து செப்புப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தார்கள். அதற்குக் காணிக்கையாகப் புகையிலை வைத்தார்கள். டொரீன் தண்ணீரிடம் மெதுவாக, புதிதாக வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுவதுபோல் பேசினாள். ஏரியிலிருந்து எத்தனை குழாய் வழியாக, எத்தனை மருந்து தாண்டி வந்தாய், களைத்துப் போயிருப்பாய் என்றாள். பிறகு எல்லாப் பெண்களும் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் கொஞ்சம் தரையில் ஊற்றிவிட்டு, ஒவ்வொருத்தியாகக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்தார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள், ஆனாலும் விழுங்கினார்கள்.

நடீன் தன் கிண்ணத்தைக் குடிக்கவில்லை. வரிசையைவிட்டு நேராக அப்பாவிடம் வந்து நீட்டினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியம் சொல்ல வேண்டும் என்று அம்புரோஸின் பழக்கதோஷம் துடித்தது. தேடினார், ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றார்.

நடீன் அவரை உற்றுப் பார்த்தாள்.

"எனக்கும்தான்," என்றாள்.

பாதியை அவள் குடித்தாள். மீதியைக் குழந்தையைச் சுமந்த கையைத் தாண்டி அவர் வாயில் ஊற்றினாள். தொண்டை இந்தத் தடவையும் இறுகியது. அவர் சண்டை போடாமல் சும்மா நின்றார், பிறகு அது வழிவிட்டது. மருந்து வாடை கொஞ்சம் அடித்தது. ஜில்லென்று இருந்தது. குடிக்காமலே சொன்ன பொய்யில் அந்த ஒரு பகுதி மட்டும் உண்மையாகிவிட்டதே என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, புரையேறிவிட்டதாகப் பர்னியிடம் சொன்னார். பர்னி அன்றைக்கு ஒருநாள் மட்டும் நம்புவதுபோல் நடித்தான்.

அன்று சாயங்காலம் நடீன் தொட்டிக் குழாயை நேரடியாகத் திறந்தாள். திங்கட்கிழமை விமானத்தைப் பற்றி அவள் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அம்புரோஸும் டொரீனும் வாசற்படியில் மூச்சுவிடாமல் நின்றார்கள். தொட்டி நிறைந்தது. நடீன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஹேசலை அதில் இறக்கினாள்.

குழந்தை வீறிட்டது. வீடே இடிந்து விழும்படி அலறியது. அம்புரோஸுக்கு உயிர் போய் வந்தது. நடீன் பதறிப்போய் அவளை வாரியெடுத்து, முழங்கை மடிப்பைப் பார்த்து, முதுகைப் பார்த்து, பிறகு தொட்டியில் கையைவிட்டாள்.

பனிக்கட்டியாக இருந்தது. வெந்நீர் டாங்கியை அந்த வீட்டில் யாரும் போட்டே வருடக்கணக்காகிறது. இந்தத் தடவை வந்ததிலிருந்து குழந்தை குளித்த தண்ணீர் எல்லாம் தாத்தா கொதிக்க வைத்து ஆற்றியது. கொதிக்க வைக்கக் கூடாது, கூடாது என்ற ஒரே நினைப்பில், தண்ணீர் என்பது சூடாகவும் இருக்கலாம் என்பதை வளர்ந்த மூன்று பேரும் மறந்துவிட்டார்கள்.

நடீன்தான் முதலில் சிரித்தாள். ஈரக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை. பிறகு சொன்னாள்.

"அப்பா, போய் ஒரு சட்டி சூடு பண்ணு. சூடு மட்டும். கொதிக்க வைக்காத. வெந்நீர் டாங்கிய நாளைக்குச் சரி பண்ணிக்கலாம், இனிமே தினம் வேணுமே."

அம்புரோஸ் அடுப்பு முன்னால் நின்றார். சட்டியின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் சேர ஆரம்பித்தன. அதற்குமேல் காத்திருக்காமல் ஒரு சட்டித் தண்ணீரை இறக்குவது எப்படி என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கை அடுப்புத் திருகின் மேலேயே இருந்தது. உள்ளேயிருந்து பேத்தி அழுதாள். அவர் அடுப்பை அணைத்தார்.