வாகனின் ஓநாய்க் கதை

வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டால் வாகனுக்கு வாய் நிற்காது. மண்ணிலிருந்து தார் ஊறும் லாஸ் ஏஞ்சல்ஸ் தார்க்குழியில் பதின்மூன்று வருடமாகப் பழங்கால விலங்குகளின் எலும்பு தோண்டுகிறவன், எல்லாருக்கும் ஒரே கதையைத்தான் சொல்வான்.

"ஒரு காட்டெருமை சருகு மூடியிருந்த தார்ல மாட்டுச்சு. அதைத் தின்ன வந்த ஓநாயும் மாட்டுச்சு. அதைப் பாத்துக்கிட்டே இன்னும் பத்து வந்துச்சு! மூளையே இல்லாத ஜென்மங்க."

கூட்டம் சிரிக்கும். கூடவே தோண்டும் இட்செல் மட்டும் சிரிக்க மாட்டாள். "செத்து முப்பதாயிரம் வருஷமாச்சு, இன்னும் உன்கிட்ட திட்டு வாங்குதுங்க பாவம்" என்பாள்.

அன்று அவளுக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை டெக்சாஸில் புது வேலை. விரல் நீளப் பறவை எலும்பைக்கூட நொறுங்காமல் எடுக்கத் தெரிந்த வாகனுக்கு, 'போகாதே' என்ற ஒரு சொல்லை வெளியே எடுக்கத் தெரியவில்லை. மூன்று வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தான், மக்கு.

மதிய வெயிலில் தார் இளகிக் கிடந்தது. இட்செலின் தொப்பி காற்றில் பறந்து, வேலியோரச் சருகின்மேல் விழுந்தது. சருகுக்கு அடியில் என்ன இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அதன்மேலேயே ஓடினான். கால் முழங்கால்வரை தாருக்குள் இறங்கிவிட்டது.

"அசையாதய்யா!" என்று கத்திக்கொண்டே வந்து இட்செல் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் இறங்கினாள்.

குழியின் பொறுப்பாளர் டான்டே பலகையோடு வந்தார். கூடவே அளவு நாடாவையும் கொண்டுவந்திருந்தார்.

"அளக்காம எதையும் வெளிய எடுக்கக் கூடாதுல்ல? ஆழம் நாப்பது சென்டிமீட்டர். ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. ரெண்டும் உயிரோட. எழுதிக்கிறேன்."

வேலிக்கு வெளியே ஒரே சிரிப்பு. காலையில் கதை கேட்ட கிழவர் ஒருவர் சும்மா இருக்கவில்லை. "ஏம்ப்பா, பின்னாடி வந்த ஓநாய்க்கும் மூளை இல்லியா?"

வாகன் இட்செலைப் பார்த்தான். ஒன்பது வருடம் இதே தாரைத் தோண்டியவள். தெரிந்தேதான் காலை வைத்திருக்கிறாள்.

"அதுக்கு எல்லாம் தெரியுங்க" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இட்செல், போகாத" என்றான்.

"இதை மூணு வாரம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, என் புது பூட்ஸாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் இட்செல். பிடித்த கையை அவள் விடவில்லை.