ஏணியடிச் செருப்பு

அரூர்ப் பக்கம் எங்கள் சேகோ ஆலையில் ஆளுக்கொரு வேலை. மரவள்ளிக் குச்சிக்கிழங்கின் தோல் சீவச் சிலர், அரைக்கச் சிலர், ஜவ்வரிசி வறுக்கச் சிலர், களத்தில் காயவைக்கச் சிலர். கழுவும் தொட்டிக்கு சுவிட்ச் போடுவது என் வேலை. என் வீட்டுக்காரர் காளி அந்தத் தொட்டிக்குள்தான் செத்தார். அதற்கு ஈடாக எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். பெரிய மனசு அவர்களுக்கு.

தொட்டிக்குள் இரும்புத் துடுப்புகள் சுழலும். கல் சிக்கினால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். நாங்கள் சித்தேரி மலைக்காரர்கள், தானியம் கிடக்கிற களத்தில் செருப்போடு கால் வைக்க மாட்டோம். தின்கிற பொருளாயிற்றே என்று தொட்டியில் இறங்கும்போதும் அவர் ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிடுவார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு என்பது ஆலையின் வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அதிகாரிகள் வருகிறார்கள் என்று யாரோ அங்கே பெருக்கி, அவர் செருப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். சுவிட்ச் போட்டவர் பார்த்தபோது ஏணியடி வெறுமையாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் பூட்ஸ் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டே இறங்கலாம். ஏணியடியில் யார் செருப்பும் கிடப்பதில்லை.

போன வாரம் மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தபோது ஒரு ஜோடி கிடந்தது. இடது வார் அறுந்து, நீல நைலான் நரம்பால் கட்டியிருந்தது. கட்டியவள் நான். அவரைப் புதைத்தபோது குழிக்குள் அவர் காலடியில் அந்தச் செருப்பை வைத்தவளும் நான்தான்.

சூப்பர்வைசர் அருண்குமார் வந்தார். "என்னக்கா நிக்கறீங்க? வெளிய ரெண்டு லோடு காத்துக்கிட்டு நிக்குது. சுவிட்சப் போடுங்க."

"உள்ள ஆளிருக்குதுங்க சார்."

"யாருமில்லக்கா. அங்க என்ன இருக்குதுன்னு அப்படிப் பாக்கறீங்க? போட முடியலன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

வீட்டில் இரண்டு பிள்ளைகள். இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு கதியில்லை. கை சுவிட்சுக்குப் போனது. இன்னொரு முறை ஏணியடியைப் பார்த்தேன். தொட்டியைப் பார்த்துக் கிடந்த செருப்புகள் இப்போது என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

அருண்குமார் திட்டிக்கொண்டே ஏணியேறி எட்டிப் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது. உள்ளே துடுப்புகளுக்கு நடுவே குனிந்து கல்லை நெம்பிக்கொண்டிருந்தான், அந்த வாரம் வேலைக்குச் சேர்ந்த இனிகோ. காலில் பூட்ஸ். அரைவை இரைச்சலில் நாங்கள் பேசியது அவனுக்குக் கேட்கவில்லை.

கீழே இறங்கியபோது அருண்குமாரின் முகத்தில் ரத்தமே இல்லை. "எப்படிக்கா தெரிஞ்சது?"

நான் ஏணியடியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. செத்து ஒரு வருஷமாகிறது, பிள்ளைகள் கனவில்கூட எட்டிப் பார்க்காத மனுஷன், வேலைக்கு மட்டும் சரியாக வந்திருக்கிறார்.

இப்போதெல்லாம் ஏணியேறி உள்ளே பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொடுகிறேன். அருண்குமாரோ, உள்ளே யாரும் இருந்துவிடக் கூடாதே என்றுதான் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்.