சத்தம் இறங்கியதும்

ரம்ப மெஷினை ஒரு காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை மூன்றாவது முறையாக இழுத்தான் அவளுடைய தம்பி. கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது. விரல்களை உதறிவிட்டு மறுபடி இழுத்தான். கிளம்பிய சத்தத்தில் சாலையோரத்து மரங்களிலிருந்த காக்கைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

“என்னடா மச்சான், ரேசுக்கா போறோம்?” என்று அவள் புருஷன் சிரித்தான்.

தம்பி சிரிக்கவில்லை. மெஷின் பார்ப்பதும் செயின் தீட்டுவதும் அவன் வேலை; வெட்டுவது புருஷன், விழுந்த கிளையை இழுத்துப்போடுவது அவள். சாலை விரிவாக்கத்துக்கு மரம் வெட்டும் இந்தக் குழுவோடு ஆறு வருடமாக இருக்கிறான். மெஷினை அணைத்துவிட்டுச் சொன்னான்: “சைலன்சருக்குள்ள இருந்த தடுப்ப வெட்டிட்டேன். புகை போற வழிய அரத்தால ராவிப் பெருசாக்கிட்டேன். சிலிண்டருக்கு அடியில இருந்த கேஸ்கெட்டயும் எடுத்துட்டேன். பத்து நிமிஷத்து மரம் இனி ஆறு நிமிஷம். மேஸ்திரி கேட்டது இதுதான்.”

“கெடுதல் என்ன? அதையும் சொல்லு,” என்றாள் அவள்.

“சூடாவும். பிஸ்டன் சீக்கிரம் போயிடும். கயிறு திருப்பி அடிக்கும்.” ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகைத் தொட்டுக் காட்டினான். “ஆக்சிலேட்டர விட்டா அணைஞ்சு போவுது மாமா. அதான் சும்மா நிக்கறப்ப ஓடுற வேகத்த இதுல அரைச் சுத்து ஏத்தி வச்சிருக்கேன்.”

“சத்தம் இறங்குனா செயின் நிக்குமாடா?” என்று கேட்டாள்.

அவன் அக்காவைப் பார்க்காமல் பதில் சொன்னான். “நிக்கும். சூடு ஏறிட்டா மட்டும் ஊர்ந்துட்டே இருக்கும். மாமா செயின் பிரேக் போட்டப்புறம்தான் நீ கிட்ட போணும்க்கா.”

“கிளைக்குக் கிளை பிரேக் போட்டா அந்த நாலு நிமிஷம் எங்கடா மிஞ்சும்?” என்றான் புருஷன். மாதக் கடைசிக்குள் இந்தச் சாலை முடியாவிட்டால் வேறு குழுவைக் கூப்பிடுவேன் என்று மேஸ்திரி முந்தாநாள் சொல்லியிருந்தார்.

பதினோரு வருடமாக அவர்கள் இருவரும் பேசாமல்தான் வேலை செய்தார்கள். காதில் பஞ்சு, அதன்மேல் தலைத்துணி. சத்தம் ஏறினால் அவன் வெட்டுகிறான். இறங்கினால் கிளை விழுந்துவிட்டது. அவள் உள்ளே போய் இழுத்துவிடலாம். அவள் பார்த்துப் போவதில்லை, கேட்டுத்தான் போவாள். கண், அடுத்த கிளை எங்கே விழும் என்று மேலேயே இருக்கும்.

அன்று காலை முழுக்க அவள் மேலே பார்க்கவே இல்லை. சத்தம் இறங்கியதும் கால் தானாக எழுந்தது. அதைப் பிடித்து நிறுத்தி, செயினின் பற்கள் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்த பிறகுதான் குனிந்தாள். காய்ந்த இலை ஒன்று சுழன்று வந்து செயின்மேல் விழுந்தது. சத்தம் இறங்கித்தான் இருந்தது. ஆனாலும் இலை இரண்டாகிக் கீழே விழுந்தது.

தண்ணீர் குடிக்கும்போது, “பிரேக் போடு,” என்றாள்.

“போடறேன்டி. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? பேயக் கண்டவ மாதிரி.”

“கைய தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. அதற்கப்புறம் நாலைந்து கிளைக்கு மறக்காமல் பிரேக் போட்டான்.

மத்தியானம் மேஸ்திரி வந்து, செல்போனில் நேரம் பார்த்தபடி அருகிலேயே நின்றார். “ஏம்மா, நீ என்ன சர்க்கஸ் பாக்க வந்தியா? அவன் வெட்டிட்டு நிக்கறான், நீ வேடிக்கை பாக்கற!” என்று கத்தினார். பஞ்சையும் தாண்டி அது கேட்டது. புருஷன் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த கிளைக்குப் போய்விட்டான். மெஷினிலிருந்து கருகிய வாடை வந்தது.

கிளை முறிந்தது. சத்தம் இறங்கியது. அவள் போனாள்.

வலி தெரியவில்லை. கையுறையை யாரோ வெடுக்கென்று பிடித்து இழுத்தது போலிருந்தது, அவ்வளவுதான். பிறகு புருஷனின் வாய் திறந்து திறந்து மூடியதைப் பார்த்தாள்.

மேஸ்திரியின் வண்டியில் பின்பக்கம் அவளை உட்கார வைத்தார்கள். வலது கையைச் சுற்றியிருந்த புருஷனின் சட்டை நனைந்து கனத்தது. சாவி மேஸ்திரியிடம் இருந்தது.

“சார், வண்டிய எடுங்க சார்!”

“அஞ்சு நிமிஷம். இன்ஷூரன்ஸ்காரன் நேரா இங்கதான் வருவான். மெஷின இந்தக் கோலத்துல பாத்தான்னா உன் பொண்டாட்டிக்குப் பத்துப் பைசா வராது. உன் நல்லதுக்குத்தான்யா சொல்றேன்.” ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். புது சைலன்சர். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. “மாட்டுறா.”

தம்பி அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றான். “இத எப்ப சார் வாங்குனீங்க?”

“மாட்டுறான்னா.”

தம்பி உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தான். போல்ட் இரண்டு தடவை மண்ணில் விழுந்தது. சின்னத் திருகை அரைச் சுற்று பின்னால் திருப்பினான். மேஸ்திரி ஒரு காகிதத்தை வண்டியின் முகப்பில் வைத்து, விபத்து நடந்த விதத்தை எழுதிக்கொண்டிருந்தார். “மெஷின் ஓடிட்டிருக்கும்போது அந்தம்மாவே கைய விட்டாங்க. சரிதானே? பொய் இல்லையே?” என்று புருஷனைக் கேட்டார். புருஷன், சாவி தொங்கிய மேஸ்திரியின் விரலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

“ஓட்டிக் காட்டு.”

தம்பி கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. பதினோரு வருடமாக அவள் கேட்ட அதே பழைய சத்தம். ஏறியது. பிறகு இறங்கியது. செயின் அசையாமல் நின்றது.

வண்டியின் தரைமேல் அவளுடைய இடது கால் தானாக ஓரடி முன்னால் போனது.